வண்டல் மண்ணும் ஐந்து கிராம் ஈயமும்: பைக் சக்கரத்தைச் சமன்செய்யும் வழிகள்

காவிரிப் படுகையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ‘வீல் பேலன்சிங்’, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி செய்வது, என்பது கார் டயர் கடைப் பலகையில் எழுதியிருக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். அதில் தவறும் இல்லை. வாய்க்கால் கரையோடு வளைந்து போகும் சாலையில் மாடும் டிராக்டரும் மினி பஸ்ஸும் மாறி மாறிக் குறுக்கே வரும்போது ஐம்பதைத் தாண்டுவதே அரிது. அந்த வேகத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருந்தாலும் கை அதை உணராது. இப்போது திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு நான்கு வழிச்சாலை இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டிக்குப் போகும் சாலையிலும் பெரும்பகுதி அகலமாகிவிட்டது. பழைய பைக், பழைய டயர், ஆனால் வேகம் மட்டும் எண்பது. “அண்ணே, அறுபதைத் தாண்டினால் ஹேண்டில்பார் உதறுகிறது” என்று பட்டறைகளில் கேட்கும் புகாரில் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது.

இதன் கணக்கு எளியது. பதினெட்டு அங்குல ரிம் போட்ட சாதாரண நூறு சிசி பைக்கை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து அச்சு வரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் நொடிக்கு 12 முறை சுற்றும். ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் 20 கிராம் கூடுதல் எடை இருந்தால், அது சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். அதே 20 கிராம் 40 கிலோமீட்டர் வேகத்தில் 650 கிராம் அளவுக்குத்தான் இழுக்கும். நூறில் போனால் 4 கிலோ. வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. இந்த இழுப்பு ஒரே திசையிலும் நிற்பதில்லை. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்குப் பன்னிரண்டு முறை திசை மாறுகிறது.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. பைக்கின் முன்பகுதிக்கு இயல்பாக ஆடும் ஒரு கதி உண்டு. ஹேண்டில்பார் இடமும் வலமுமாகத் துடிப்பது நொடிக்கு 4 முதல் 10 முறை என்ற எல்லைக்குள் அமையும். நாம் பார்த்த சக்கரம் 40 கிலோமீட்டரில் நொடிக்கு ஆறு முறையும், 60 கிலோமீட்டரில் ஒன்பது முறையும் சுற்றுகிறது. சக்கரத்தின் கதியும் ஹேண்டில்பாரின் கதியும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சிறு கோளாறும் பெரிதாகத் தெரியும். அறுபதில் உதறும் வண்டி எண்பதில் அமைதியாகிவிட்டதாகச் சிலர் சொல்வது கற்பனை இல்லை. எண்பதில் இழுப்பு கூடியிருக்கிறது, பொருத்தம்தான் விலகியிருக்கிறது.

சமன் செய்யும் முறைகளுக்குள் போகுமுன் சேற்றைப் பற்றிப் பேச வேண்டும். டெல்டாவில் இதை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளே இல்லை.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் சேற்றுழவு தொடங்கும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர், சாலையில் கட்டி கட்டியாக வண்டலைக் கொட்டிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த மண் மணலைப் போல உதிராது, அப்பிக்கொள்ளும். கம்பிச் சக்கரமானால் ரிம்மின் உட்புறத்தில், கம்பிகள் சேரும் இடத்தில் அப்புகிறது. அலாய் வீலானால் ஆரங்களின் பின்பக்கத்துப் பள்ளங்களில் குடியேறுகிறது. ஈரச் சேற்றோடு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், இரவு முழுவதும் அது மெல்ல வழிந்து சக்கரத்தின் அடிப்பக்கத்தில் சேர்ந்து, காலையில் காய்ந்து கட்டியாக நிற்கும். ஓரிடத்தில் 60 கிராம் மண் ஒட்டியிருப்பது பெரிய விஷயமே அல்ல. எண்பது கிலோமீட்டரில் அதன் இழுப்பு ஏழு கிலோவைத் தாண்டுகிறது. எந்தக் கடையிலும் இவ்வளவு கோளாறான டயரை விற்க மாட்டார்கள். ஆகவே நடவுக் காலத்தில் திடீரென்று உதறத் தொடங்கிய வண்டிக்கு முதல் மருந்து ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும்தான்.

அடுத்தது ரிம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயும். வண்டி ஏறாமலிருக்க அதன் ஓரத்தில் கல் வரிசை வைப்பார்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி இறங்கிய ரிம் வட்டமாக இருக்காது. வட்டம் கெட்ட சக்கரத்தில் எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் பயனில்லை. அது எடைக் கோளாறு இல்லை, வடிவக் கோளாறு. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அதைத் தாங்கும் போர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, அதன் முனை ரிம்மை ஒட்டி நிற்கும்படி வைத்துச் சுற்றினால் இடைவெளி கூடுவதும் குறைவதும் தெரிந்துவிடும். கம்பிச் சக்கரமென்றால் கம்பிகளை முடுக்கிப் பெண்டு எடுக்கலாம். டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் இதே சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வரி ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்து உட்கார வைக்க வேண்டும். ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்காகிய கோன் செட் தேய்ந்திருந்தாலும், சக்கர பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே உதறல் வரும். இவற்றையெல்லாம் பார்க்காமல் நேராகப் பேலன்சிங் செய்யச் சொல்வது வீண் செலவு.

இனி முறைகள். பழமையானதும் எளியதும் ஈர்ப்பு விசையை நம்புவது. சக்கரத்தைக் கழற்றி, அச்சைப் படுக்கை வாக்கில் தாங்கி, தானாகச் சுழல விட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேலே, எடையைச் சேர்க்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. இதை நிலைச் சமன் என்று சொல்லலாம். கேட்பதற்குப் பிள்ளை விளையாட்டு போலிருந்தாலும் பந்தய பைக்குகளின் சக்கரங்களையும் பல இடங்களில் இப்படித்தான் சரிசெய்கிறார்கள்.

இதில் எதிரி உராய்வு. ரிம்மில் ஐந்து கிராம் எடை ஏற்படுத்தும் திருப்பு விசை மிகச் சிறியது. சக்கரத்தின் சொந்த பேரிங்கிலேயே சுழல விட்டால், பேரிங்கின் ரப்பர் சீலும் கெட்டியான கிரீஸும் அந்தச் சிறு விசையை விழுங்கிவிடும். சக்கரம் அசையாமல் நிற்கும். சமனாகிவிட்டது என்று நாம் ஏமாறுவோம். முன்சக்கரமானால் பிரேக் பிளேட்டையும் ஸ்பீடோமீட்டர் கியரையும் கழற்றிவிட வேண்டும். டிஸ்க் பிரேக்கானால் சக்கரம் வெளியே வந்துவிடுவதால் பட்டைகள் தொடாது. அப்படியும் பழைய பேரிங்கில் பத்துப் பதினைந்து கிராம் வரை கண்ணுக்குத் தப்பலாம்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கனமான இடம் என்று தோன்றுவதை இடப்பக்கத்தில் வைத்து மெல்ல விடுங்கள். உராய்வால் அது அடிமட்டத்துக்கு வருமுன்னே நின்றுவிடும். நின்ற நிலையில் எது அடியில் இருக்கிறதோ, அங்கே ரிம்மில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து அதேபோல விட்டு இன்னொரு குறி. இரண்டு குறிகளுக்கும் நடுவில்தான் உண்மையான கனமான இடம் இருக்கிறது.

இதைவிட நல்லது ஒரு ஸ்டாண்டு. பத்து மில்லிமீட்டர் நேரான கம்பி ஒன்று, அதில் நழுவி இறுகும் இரண்டு கூம்புகள், கம்பியின் இரு முனைகளையும் தாங்க இரண்டிரண்டாக நான்கு சிறிய பேரிங்குகள். கூம்புகள் சக்கரத்தின் பேரிங்கை உட்புறத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சுழல்வது ஸ்டாண்டின் பேரிங்குகளில் மட்டும்தான். அவற்றின் சீலைப் பிடுங்கி, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துளி மெல்லிய எண்ணெய் விட்டால் மூன்று நான்கு கிராம் வித்தியாசம்கூடத் தெரியும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்து வாங்கலாம். கம்பி நேராக இருக்க வேண்டும், கூம்புகள் மையம் தப்பாமல் கடையப்பட்டிருக்க வேண்டும். கவனம் முழுவதும் இந்த இரண்டில் இருந்தால் போதும்.

புது டயர் மாட்டும்போது இன்னொரு விஷயத்தையும் கவனிக்கலாம். டயரின் பக்கவாட்டில் சிறு வண்ணப் புள்ளி வைத்திருப்பார்கள். பைக் டயரில் அது பெரும்பாலும் டயரின் இலேசான இடத்தைக் குறிக்கும். வால்வு இருக்கும் இடம் கனம் என்பதால் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது வழக்கம். பஞ்சர் கடைகளில் இதைப் பார்த்து மாட்டுகிறவர்கள் குறைவு. செலவில்லாத வேலை இது, சொல்லிக் கேட்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் வெறும் ரிம்மை முதலில் ஸ்டாண்டில் வைத்து அதன் கனமான இடத்தைக் கண்டுபிடித்து, புள்ளியை அங்கே பொருத்த வேண்டும். ரிம்மின் கனமான இடம் எப்போதும் வால்வுப் பக்கமே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து இயந்திரம். கார் டயர் கடைகளில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றி, அதிர்வை உணரிகளால் அளந்து, எந்தப் பக்கம் எத்தனை கிராம் என்று திரையில் காட்டும் கருவி. இதன் சிறப்பு, நிலைச் சமன் காட்டாத ஒரு கோளாறைக் காட்டுவது. ரிம்மின் இடது விளிம்பில் மேலே 20 கிராமும், வலது விளிம்பில் கீழே 20 கிராமும் கூடுதலாக இருந்தால் ஸ்டாண்டில் சக்கரம் அசையாது, எல்லாம் சரி என்று காட்டும். ஓடும்போது சக்கரம் பக்கவாட்டில் தள்ளாடும். ஆனால் இந்தத் தள்ளாட்டம் இரு எடைகளுக்கும் இடையிலுள்ள அகலத்தைப் பொறுத்தது. கார் ரிம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமானது. நூறு சிசி பைக்கின் ரிம் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். ஆகவே நம் பெரும்பாலான பைக்குகளுக்கு இந்த இரண்டாவது கோளாறு பொருட்படுத்தத் தக்கதாக இருப்பதில்லை. அகலமான பின்டயர் போட்ட, நூற்றைம்பதைத் தொடும் பெரிய வண்டிகளுக்குத்தான் இயந்திரத்தால் உண்மையான ஆதாயம்.

நடைமுறைத் தடை வேறு. கார் ரிம்மின் நடுத்துளை அகலமானது. இயந்திரத்தின் கூம்பு அதற்கென்று செய்யப்பட்டது. பைக் சக்கரத்தின் நடுவே விரல் நுழையும் அளவுக்குத்தான் துளை. அதற்கென்று தனி அச்சுக் கருவி இல்லாமல் பைக் சக்கரத்தை அதில் ஏற்ற முடியாது. எப்படியோ இறுக்கி ஏற்றினால் மையம் தப்பும். மையம் தப்பினால், இல்லாத கோளாறுக்கு இயந்திரம் துல்லியமாக எடை சொல்லும். தசமப் புள்ளி போட்டுத் திரையில் வரும் எண்ணை நம்பிவிடுவது மனித சுபாவம். போகுமுன் பைக்குக்கான அச்சு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இப்போது மணிகள். டயருக்குள், அல்லது டியூப் உள்ள வண்டியில் டியூபுக்குள், வால்வு வழியாகச் சின்னஞ்சிறு கண்ணாடி அல்லது பீங்கான் மணிகளைப் போட்டுவிடுவது. முன்சக்கரத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். பின்சக்கரத்துக்கு இரண்டு அவுன்ஸ் என்பது வழக்கமான அளவு. சக்கரம் சுழலும்போது மணிகள் தாமாகவே இலேசான பக்கம் போய்ச் சேர்ந்து சமன் செய்துவிடும் என்கிறார்கள். டயர் தேயத் தேய மணிகளும் இடம் மாறிக்கொள்ளும், மறுபடி பேலன்சிங்கே வேண்டாம். மோசடி என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு, மந்திரம் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை.

தானாகச் சமன் ஆகும் கொள்கை உண்மையானதுதான். சில சலவை இயந்திரங்களின் டிரம்மைச் சுற்றி, உள்ளே திரவமோ குண்டுகளோ நகரும் ஒரு வளையம் இருக்கிறது. துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் அதை ஈடுகட்ட வைத்தது. ஆனால் அது சரியாக வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுழலும் பொருள் தன் இயல்பான அதிர்வுக் கதியைத் தாண்டிய வேகத்தில் சுழல வேண்டும். அந்தக் கதிக்குக் கீழே இருக்கும்போது சக்கரத்தின் கனமான பக்கம் வெளியே தள்ளப்படுகிறது. தளர்ந்து நகரும் எதுவும் மையத்திலிருந்து தொலைவான இடத்துக்கே ஓடும் என்பதால், மணிகள் கனமான பக்கத்திலேயே போய்ச் சேர்ந்து கோளாறைக் கூட்டும். கதியைத் தாண்டிய பிறகுதான் நிலை தலைகீழாகி, இலேசான பக்கம் வெளியே வருகிறது, மணிகள் அங்கே போகின்றன.

அந்த எல்லை நம் வண்டியில் எங்கே இருக்கிறது? முன்சக்கரமும் அதோடு மேலும் கீழும் ஆடும் பாகங்களும் சேர்ந்து 10 கிலோ என்றும், டயரின் விறைப்பு மீட்டருக்கு ஒரு லட்சம் நியூட்டன் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய பத்துக் கிலோ எடை) என்றும் வைத்துக்கொண்டால், மேல்கீழ் அதிர்வின் இயல்பான கதி நொடிக்கு 16. நம் சக்கரம் நொடிக்கு 16 முறை சுற்ற வேண்டுமானால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டரில் போக வேண்டும். என் எண்கள் தோராயமானவை. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடும் கதிகள் வேறாக இருக்கும். என்றாலும் முடிவு மாறாது. அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நூற்றுப்பத்து, நூற்றிருபதில் போகும் கனமான பைக்குக்கு மணிகள் உதவலாம். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் இடையே நாற்பத்தைந்தில் போகும் வண்டிக்கு அவை சுமை.

இன்னும் ஒன்று. ஏழு கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே மணிகள் டயரின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. எண்பதில் ஒவ்வொரு மணியும் தன் எடையைப் போல 150 மடங்கு விசையில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தில் அது உருண்டு நகர வேண்டுமென்றால் உட்சுவர் வழவழப்பாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஐப்பசி மாதம் காற்றடித்துப் பாருங்கள். தொட்டியில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தே வரும். ஈரத்தில் மணிகள் கட்டிப்பட்டு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், காசு கொடுத்துக் கோளாறு வாங்கியதாகும். காற்றை இறக்கும்போது மணி வால்வில் சிக்கிக் காற்று கசிவதும் உண்டு. அதற்கென்று வடிகட்டி வைத்த வால்வு பின் போட வேண்டும்.

பஞ்சர் தடுக்கும் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டியூப்லெஸ் டயரில் ஊற்றும் அந்தக் குழம்பு சமனும் செய்யும் என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. சீமைக் கருவேல முள் நிறைந்த நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் பஞ்சருக்காக அதை ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது. சமனுக்காக ஊற்றுவதில் இல்லை. வண்டி நிற்கும்போது திரவம் அடியில் தேங்குகிறது. காலையில் கிளம்பிய முதல் சில நிமிடங்கள் உதறல் கூடும். மாதங்கள் போனால் அது உலர்ந்து ஓரிடத்தில் பொருக்காகப் படியும். டயரைக் கழற்றும் பஞ்சர் கடைக்காரர் சொல்லும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது.

ஆக, டெல்டாவின் சாலைக்கும் வேகத்துக்கும் வண்டிக்கும் பொருந்துவது ஸ்டாண்டில் வைத்துச் செய்யும் நிலைச் சமன்தான் என்பது என் முடிவு. மீதி இருப்பது எந்த எடையை எப்படி வைப்பது என்பது. அலாய் வீலுக்கு ஐந்து ஐந்து கிராமாகப் பிரிந்து வரும் ஒட்டும் துண்டுகள் கிடைக்கின்றன. ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். சேறும் தண்ணீரும் படும் இடம் என்பதால் மேலே ஒரு சுற்று அலுமினிய டேப்பும் போடலாம். 20 கிராம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே விளிம்பில் ஒட்டாமல், ரிம்மின் நடுவிலோ இரு பக்கமும் பத்துப் பத்தாகவோ ஒட்டினால் மேலே சொன்ன பக்கவாட்டுத் தள்ளாட்டம் புதிதாக உண்டாகாது.

கம்பிச் சக்கரத்துக்கு, கம்பியின் அடியில் கவ்வி நிற்கும் சிறு எடைகள் உண்டு. அவை கிடைக்காத ஊரில் ரேடியோ பழுது பார்க்கிறவர் வைத்திருக்கும் ஈயக் கம்பியைக் கேட்டு வாங்கி, கம்பி ரிம்மைச் சேரும் இடத்தில் நெருக்கமாகச் சுற்றி முனையை இறுக்கிவிடலாம். எத்தனை கிராம் என்று நிறுத்துக்கொள்ள நகைக்கடைத் தராசு தேவையில்லை. சிறிது சிறிதாகச் சுற்றி, ஸ்டாண்டில் விட்டுப் பார்த்து, கூடினால் நறுக்கிக்கொள்ளலாம். ஈயம் நஞ்சு, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டீ கிளாஸைத் தொட வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கம்பிகளின் நிப்பிள் துருப்பிடித்து இறுகிவிடும். அங்கே எடை சுற்றுமுன் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டி, ஓசை மந்தமாக இருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த கம்பி சில நாளிலேயே ரிம்மைக் கோணலாக்கிவிடும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், நம் சக்கரம் சிறியது, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். பத்து அங்குலச் சக்கரம் எண்பது கிலோமீட்டரில் நொடிக்கு 16 முறை சுற்றுகிறது. அந்தக் கூடுதல் எடை, சக்கரத்தின் மையத்துக்கு அருகில் இருப்பதால் இழுப்பு குறைய வேண்டும், சுற்று கூடியதால் ஏற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட, 20 கிராமின் இழுப்பு அங்கேயும் மூன்று கிலோவை நெருங்கித்தான் நிற்கிறது. பின்சக்கரம் இன்ஜினோடு பூட்டியிருப்பதால் வண்டியில் இருக்கும்போது தாராளமாகச் சுழலாது. கழற்றித்தான் ஆக வேண்டும். கூம்பு வைத்த ஸ்டாண்டு இருந்தால், பல் வெட்டிய அந்த நடுத்துளையையும் அதே கூம்பு பிடித்துக்கொள்ளும்.